வீட்டார் கையெழுத்து

கார்த்திகை 12, வெள்ளி

சங்கரவடிவு அம்மாவுக்கு பச்சையப்பன் வணக்கம். என் எழுத்துக்காக முதலில் மன்னித்துவிடுங்கள். கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்காருவதில்லை. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கத் தொடங்கியது இந்தச் சித்திரையில்தான். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். விரலை உதறிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இங்கே வீட்டு வேலைக்கு வரும் கோகிலா. அவள் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பிழைகளைத் திருத்துகிறவளும் அவள்தான். உங்கள் பாடக் கூடத்தையும் அவளே பெருக்குகிறாள் என்பதால் இந்த நோட்டு அவள் பையில் வரும், அவள் பையிலேயே திரும்பும்.

நீங்கள் அச்சடித்த தாளை நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தது. வேதாந்த வகுப்பில் சேர விரும்புகிறவர் எட்டு வெள்ளிக்கிழமை நோட்டு எழுதித் தர வேண்டும். நான்கு தயாரிப்புகள். எது நிலைக்கும், எது நிலைக்காது என்று பிரித்து அறிவது விவேகம். நிலைக்காததை விடுவது வைராக்கியம். மனத்தைப் பழக்கும் ஆறு குணங்கள் மூன்றாவது. விடுதலை வேண்டும் என்ற தவிப்பு நான்காவது. கடைசியில் வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் மனத்தாங்கலை வைத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்குப் பாடம் ஏறாது என்று போட்டிருக்கிறீர்கள்.

என் மனைவி தையல்நாயகியை உங்களுக்குத் தெரியும். ஆறு வருடம் உங்களிடம் வந்தவள். வகுப்பு முடிந்து வந்ததும் பாதியைச் சொல்வாள். மீதி கேட்டால், “அதெல்லாம் படிச்சாத்தான் ஒட்டும்” என்பாள். போன தை மாதம் போய்விட்டாள். மீதிப் பாதியைக் கேட்கத்தான் வருகிறேன்.

கார்த்திகை 15, திங்கள்

விவேகம். நான் நாற்பத்து நான்கு வருடம் சுவருக்கு வெள்ளை அடித்தவன். சுண்ணாம்பு இரண்டு வருடம் நிற்கும். டிஸ்டம்பர் ஐந்து. எமல்ஷன் எட்டு என்பார்கள், ஆறுதான். சுவர் எண்பது வருடம் நிற்கும். சுவர் நிற்கிற மண் எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர் மதில் சுவரில் நீல நிறத்தில் பெரிய எழுத்துகள். ஏதோ சாமி சம்பந்தப்பட்டது என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இங்கே குப்பை கொட்டாதீர்.’ கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் பத்துத் தடவை படித்தேன்.

இப்படி எத்தனை சுவர் எழுத்துகளை வெள்ளை அடித்து அழித்திருக்கிறேனோ. அவற்றில் யாராவது முக்கியமாக எதையாவது எழுதியிருந்தால் மன்னிக்கட்டும்.

காலை எட்டரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வெளி கேட்டைப் பூட்டுவார்கள். கம்பி கேட். பாதுகாப்புக்காக. பதினொன்றுக்குக் கோகிலா திறப்பாள், ஒரு மணிக்குப் பூட்டிவிட்டுப் போவாள். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் காற்று வேறு மாதிரி இருக்கும்.

கார்த்திகை 20, சனி

நோட்டு வந்துவிட்டது. பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: “மண்ணோடு நிறுத்தியது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறவர் குறைவு.” கோகிலாவிடம் காட்டினேன்.

“ரொம்ப ஆடாதீங்க பெரியவரே. அடுத்த வாரம் ஃபெயில் போட்ருவாங்க.”

வைராக்கியம். நான் விட்டவை: ஊறுகாய் (மருத்துவரும் வேண்டாம் என்றார்), மதியத் தூக்கம், பீடி (இருபது வருடம் முன்பு), டிவியில் மல்யுத்தம்.

கார்த்திகை 27, சனி

கோகிலா சொன்னது பலித்தது. “மருத்துவர் தடுத்த ஊறுகாயை விடுவது வைராக்கியம் ஆகாது. விட முடியாத ஒன்றை எழுதுங்கள்” என்று போட்டிருக்கிறீர்கள்.

கார்த்திகை 28, ஞாயிறு

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி 2, புதன்

ஆறு குணங்களில் திதிட்சை ஒன்று. துன்பம் வந்தால் புலம்பாமல் பொறுப்பது. அதற்கு இன்று நல்ல பயிற்சி கிடைத்தது.

மூன்று மணிக்கு வாசல் பக்கம் புகை நாற்றம். எட்டிப் பார்த்தால் மாடிப்படியில் சாம்பல் நிறப் புகை. மேல் வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எதிர் வீட்டு ரமணி சார் எங்கள் கேட்டைத் தட்டி, “வாங்க சார், வெளிய வாங்க” என்றார். பிறகு பூட்டைப் பார்த்தார்.

“சாவி?”

“பையன்கிட்ட. நீங்க போங்க, பரவால்ல.”

அவர் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே போய் ஆளைக் கூட்டிவருவதாகச் சொல்லி ஓடினார். நான் துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தேன். அங்கே ஜன்னல் சின்னது. ஷாம்பூ பாட்டிலில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தேன். சூரியகாந்தி எண்ணெய் சேர்த்திருக்கிறார்களாம்.

இரண்டாம் மாடியில் யாரோ பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டார்களாம். வேறொன்றுமில்லை. மகனிடம் சொல்லவில்லை, ரமணி சாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மார்கழி 6, ஞாயிறு

“பொறுப்பதும் வாயை மூடிக்கொள்வதும் ஒன்றல்ல. அந்தக் கேட் ஏன் பூட்டப்படுகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். போன பங்குனியில் தையல்நாயகியின் தங்கையைப் பார்க்கக் காஞ்சிபுரம் கிளம்பினேன். தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் எப்போதும் நிற்கும் இடத்தில் ஒரு பஸ் நின்றது, ஏறினேன். அது கல்பாக்கம் போய் நின்றது. போனை வீட்டில் வைத்திருந்தேன். திரும்பி வர மறுநாள் மாலை ஆயிற்று. அதுவரை என் மகன் தென்னரசு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியிருக்கிறான். பிணவறையில்கூடப் போய்ப் பார்த்தானாம்.

அதற்கு முந்தின மாதம் மாத்திரை மாறிப்போய் மயங்கி விழுந்தேன். காலை மாத்திரை மஞ்சள் அட்டை, இரவு மாத்திரை நீல அட்டை என்று வைத்திருந்தேன். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிட்டார். இரண்டும் பச்சை.

எனக்கு மறதி நோய் என்று முடிவாயிற்று. அதனால் பூட்டு.

மார்கழி 9, புதன்

ஞாயிறு எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். முடிவு செய்தது ஒரு மருத்துவர். நல்ல மனிதர். இன்று என்ன கிழமை என்றார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். காகிதத்தில் ஏதோ எழுதி நீட்டி, “இதப் படிச்சுட்டு, அதுல இருக்கறபடி செய்ங்க ஐயா” என்றார். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

மருத்துவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகு என்னை ஒரு வரி எழுதச் சொன்னார். என் கையெழுத்தை வரைந்தேன். எனக்கு அது ஒரு படம், தையல்நாயகி பழக்கிவிட்டது. “வேற ஏதாவது” என்றார். மறுபடி அதையே வரைந்தேன்.

அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் மகனுக்குத் தெரியாது. கல்யாணத்தின்போது ஐந்தாவது வரை படித்தவன் என்று எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். தையல்நாயகி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தென்னரசு பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, “புள்ளைக்குத் தெரிய வேணாம். உங்களை மதிக்கணும்” என்றாள். அதிலிருந்து தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அவனுடைய ரேங்க் கார்டை வாங்கிப் பார்ப்பேன். அவன் முகம் தொங்கியிருந்தால் திட்டுவேன், இல்லாவிட்டால் கையெழுத்து வரைவேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

மறதிக்காரன் என்று நினைக்கட்டும், அது வயதால் வருவது என்று இருந்துவிட்டேன். விட முடியாத ஒன்று எது என்று கேட்டீர்களே. இதுதான்.

மார்கழி 13, ஞாயிறு

இந்த முறை நீங்கள் எழுதியது ஒரே வரி. “கையெழுத்துப் போட வேண்டியவரிடம் சொல்லிவிட்டீர்களா?”

இன்று கேட்டேன். உண்மையைச் சொல்லவில்லை, வகுப்பை மட்டும் கேட்டேன். தென்னரசு நல்ல பிள்ளை. என் தட்டில் இன்னொரு தோசை வைத்துவிட்டுச் சொன்னான்.

“அங்க போயி என்னப்பா பண்ணப் போறீங்க? யூட்யூப்ல எல்லாம் இருக்கு, போட்டு விடறேன்.”

“ரெண்டு தெருதான் தள்ளி.”

“தாம்பரமும் நீங்க எப்பவும் பஸ் ஏறற எடம்தான்.”

பிறகு அவன் சாப்பிடவில்லை. “இன்னொரு தடவ என்னால பிணவறைக்குப் போக முடியாதுப்பா” என்றான். நான் தோசையைத் தின்றேன்.

மார்கழி 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் பாதியைச் சத்தமாகப் படித்தேன். மூச்சு வாங்கியது. எங்கும் தடுக்கவில்லை. மருமகள் ஹேமலதாகூடச் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“அரசு, எனக்கு மறதி இல்லடா. எனக்குப் படிக்கத் தெரியாது. அதான் பஸ் மாறிப்போச்சு.”

“இப்பதான பேப்பர் படிச்சீங்க?”

“இப்பத் தெரியும். அப்பத் தெரியாது.”

“நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பலேர்ந்து தெனம் பேப்பர் படிப்பீங்கப்பா. நானே பாத்துருக்கேன்.”

“படம் பாத்தேன்.”

“ரெண்டு மணி நேரமா?”

“படம் நெறைய இருக்கும்டா.”

ஹேமலதா அவனை உள்ளே கூப்பிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். “டாக்டர் சொன்னாருல்ல, நடக்காததையெல்லாம் நடந்த மாதிரியே சொல்வாங்கன்னு. மறுத்துப் பேசாதீங்க. சரி சரின்னு கேட்டுக்கங்க.”

அவன் வந்து என் தோளில் கை வைத்து, “சரிப்பா” என்றான். “சரி.”

நாற்பது வருடம் படிக்கத் தெரிந்தவனாக நன்றாக நடித்துவிட்டேன் அம்மா. இப்போது படித்தாலும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

மார்கழி 22, செவ்வாய்

கோகிலா நேற்று மாலை வந்து ஹேமலதாவிடம் பேசினாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் வந்தாள். “நான்தாங்க்கா அ, ஆவுலேர்ந்து சொல்லிக் குடுத்தேன். சத்தியமா ஒரு எழுத்தும் தெரியாது அவருக்கு” என்றாள்.

ஹேமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். “மறந்துபோன எழுத்தையெல்லாம் திரும்ப ஞாபகப்படுத்தியிருக்க கோகிலா. நாங்க பண்ண வேண்டியது அது” என்றாள். ஒரு புடவையும் கொடுத்தாள்.

இன்று கோகிலா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “நல்ல புடவ. கட்டிக்கத்தான் மனசு வரல” என்றாள். ஒரு மணிக்குப் பூட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான்காவதைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். தெரியும்.

மார்கழி 27, ஞாயிறு

ஞாயிறுதோறும் மகன் எனக்குச் சவரம் செய்துவிடுவான். கை நடுங்கும் என்பதால் என்னிடம் பிளேடு தருவதில்லை. இன்று பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நுரை தடவி, ஒரு கன்னம் முடித்திருந்தான்.

“படிக்கத் தெரியாதுன்னீங்களே” என்றான். என்னைப் பேச வைப்பதற்காகக் கேட்டான் என்று நினைக்கிறேன். “அப்ப ஹாஸ்டல்லேர்ந்து நான் போட்ட லெட்டரெல்லாம்?”

“உங்கம்மா படிப்பா. நான் கேட்டுப்பேன்.”

“ஒரு லெட்டர் உங்களுக்கு மட்டும் போட்டேன். ஃபர்ஸ்ட் இயர்ல. அம்மாகிட்டக் காட்டாதீங்கன்னு மேலயே எழுதிருந்தேன். ஞாபகம் இருக்கா?”

“மேல என்ன எழுதிருந்துதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? பிரிச்சு அவகிட்டத்தான் குடுத்தேன்.”

பிளேடு தாடைக்குக் கீழே இருந்தது. “என்ன படிச்சாங்க?” என்றான்.

“சாப்பாடு நல்லா இருக்கு. அம்மா குடுத்த எள்ளுருண்டை தீந்துபோச்சு, ரூம்ல எல்லாரும் கேக்கறாங்க, இன்னொரு டப்பா அனுப்புங்கன்னு எழுதிருந்தே. அன்னிக்கே எள்ளு வறுத்தா. நான்தான் பார்சல்ல போட்டுட்டு வந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு, டப்பா மூடி சரியா மூடல, நூலு சுத்திக் கட்டினேன்.”

அவன் பிளேடை எடுத்துவிட்டான். கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்தது.

“அந்த லெட்டர்ல எள்ளுருண்டையே இல்லப்பா.”

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

“சீனியருங்க அடிக்கறாங்க, என்னால இங்க இருக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போயிடுங்கன்னு எழுதிருந்தேன். நாலு நாள் சாயந்திரம் காலேஜ் கேட்டுலயே நின்னேன். அஞ்சாம் நாள் பார்சல் வந்துச்சு. நூலு சுத்துன டப்பா. இதான் அப்பாவோட பதில்னு எடுத்துக்கிட்டேன். அதுக்கப்பறம் உங்ககிட்ட எதையும் கேட்டதில்ல.”

அம்மா, தையல்நாயகி ஏன் அப்படிப் படித்தாள் என்று எனக்குத் தெரியும். உள்ளபடி படித்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி அவனைக் கூட்டி வந்திருப்பேன். அவன் படிப்பு அத்தோடு போயிருக்கும். அவள் உங்கள் மாணவி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் கோபித்துக்கொள்ளப் பார்க்கிறேன், வரவில்லை. வந்தாலும் யாரிடம் காட்டுவது.

“உங்களுக்கு நெசமாவே படிக்கத் தெரியாது” என்றான்.

“தெரியாது.”

“நான் கூப்பிட்டது உங்களுக்கு வரவே இல்ல.”

“வரல அரசு.”

அவன் சோப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. மறுபடி நுரை தடவி, மற்றக் கன்னத்தையும் மெதுவாக முடித்தான். ஹேமலதா எதற்கோ எட்டிப் பார்த்தவள் அப்படியே திரும்பிவிட்டாள்.

மாலையில் அவனே உங்கள் தாளைக் கேட்டான். முழுதும் படித்துவிட்டு வீட்டார் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். என் மகன் கையெழுத்தை நான் படிப்பது இதுதான் முதல் தடவை. ப. தென்னரசு. முன்னால் நிற்கும் ‘ப’ நான்.

மார்கழி 29, செவ்வாய்

நேற்றும் பூட்டினார்கள். கையெழுத்துக் கிடைத்த சந்தோஷத்தில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. பூட்டின சத்தம் கேட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

இன்று காலை ஹேமலதா முதலில் இறங்கிவிட்டாள். தென்னரசு வெளியே நின்று பூட்டைப் போட்டான். போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“டாக்டர்கிட்ட மறுபடி காட்டற வரைக்கும் பூட்டறேன்ப்பா. பொங்கல் கழிச்சு வரச் சொல்லிருக்காரு. ஹேமாவுக்குப் பயம். எனக்கும்தான்.”

“பூட்டு.”

கம்பி இடுக்கில் கையை விட்டு எதையோ நீட்டினான். சாவி.

“இது உங்ககிட்ட இருக்கட்டும்.”

“அப்பறம் எதுக்குடா பூட்டற?”

“தெரியலப்பா” என்றான். படியிறங்கும் சத்தம் கேட்டது. லிஃப்டை மறந்துவிட்டான்.

கம்பி வழியாக என் கை போகிறது. மணிக்கட்டை வளைத்தால் பூட்டும் எட்டுகிறது. மூன்று முறை திறந்து மூன்று முறை பூட்டிப் பார்த்தேன். நாலாவது முறை வெளியே இறங்கி ரமணி சார் வீட்டு வாசல் வரை போனேன். அவர் பெயர்ப் பலகையைப் படித்தேன். அவர் பி.எஸ்சி. படித்தவர். திரும்பி வந்து நானே பூட்டிக்கொண்டேன். வெளியே போகத்தான் இத்தனை நாள் தவித்தேன், ஆனால் அவன் பயந்துகொண்டு ஆபீசில் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

பதினொன்றுக்குக் கோகிலா அவள் சாவியை எடுத்தாள். நான் உள்ளிருந்தே திறந்துவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா பெரியவரே, வாட்ச்மேன் வேல பாக்கறீங்களா?”

நான்காவதைப் பற்றி. பூட்டுத் திறந்தால் இந்தத் தவிப்பு தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. அது வெறும் பூட்டைப் பற்றியது, உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. இப்போது சாவி என் வேட்டி மடிப்பில் இருக்கிறது, தவிப்பு அப்படியே இருக்கிறது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் நாலு நாள் ஒரு கேட்டில் நின்றான். இங்கே உட்கார்ந்தபடி இப்போதுதான் அங்கே போய்ச் சேர்கிறேன். அவனை எங்கே கூட்டிப் போவது என்று தெரியவில்லை. இதையெல்லாம் நான்காவதில் சேர்ப்பீர்களா, சேர்க்க மாட்டீர்களா?

கை வலிக்கிறது. இதை முழுக்க எழுத எனக்கு இன்னும் நாள் வேண்டும். பொங்கல் சந்தடி அடங்கட்டும், அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த நோட்டு கோகிலாவின் பையில் வராது. அரசு அரை நாள் லீவு போட்டிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் நடந்து வந்து தருகிறோம்.